வளராத கட்டி

முதலில் போனில்தான் தெரிந்தது. இடது காதில் வைத்தால், அன்னூரில் இருக்கும் என் அக்கா குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. வலது காதுக்கு மாற்றினால் பழைய அக்கா. சளியாக இருக்கும் என்று சுக்குக் காபி குடித்தே ஒரு வருஷத்தை ஓட்டினேன். நான் அப்படித்தான், பயம் வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஸ்கேன் எடுத்த பிறகு கோயமுத்தூர் டாக்டர் சொன்னார்: காது கேட்கும் நரம்பில் ஒரு கட்டி. தட்டைப்பயறு அளவு. புற்றுநோய் இல்லை. மெதுவாகத்தான் வளரும், சிலருக்கு வருஷக்கணக்கில் வளராமலே கிடக்கும். வளர்ந்து மூளைத்தண்டை அழுத்தினால் ஆபத்து. அதற்குமுன் கதிர்வீச்சு கொடுக்கலாம், இல்லையென்றால் ஆபரேஷன். ஆனால் ஒட்டினாற்போல முகத்து நரம்பும் ஓடுகிறது. அதில் கை பட்டால் வாய் கோணலாம், கண் மூடாமல் போகலாம்.

“இப்போதைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாங்க. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பாத்துக்கலாம்.”

என் வீட்டுக்காரர் “அப்பாடா” என்றார். எனக்கு அந்த அப்பாடா வரவில்லை. தோட்டத்தில் ஒரு பார்த்தீனியச் செடி தலைகாட்டினாலும் பிடுங்கி எறிகிற மனுஷர், இதை மட்டும் விட்டுவைக்கச் சம்மதித்துவிட்டார்.

“பயப்படாத அம்மணி. சும்மா உட்டாப் போதும்னு டாக்டரே சொல்லிப்போட்டாருல்ல?”

“உங்க தலைக்குள்ள இல்லீங்க. அதனால சொல்றீங்க.”

அன்றிலிருந்து தினமும் காலையில் கண்ணாடி முன்னால் சிரித்துப் பார்த்தேன். வாய் நேராக இருந்தால் பாதி உயிர் வரும். பிறகு அக்காவுக்குப் போன் போட்டு, இடது காதில் வைத்துக்கொள்வேன். அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் சொந்தபந்தம் முழுக்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வேன் பிடித்து வந்துவிடும். அவள் பேச்சு புரிகிறவரை கட்டி வளரவில்லை என்பது நானே போட்டுக்கொண்ட கணக்கு. பேச்சு மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் சத்தம் மட்டும் வந்தது, வார்த்தை வரவில்லை. கட்டி வளர்ந்துவிட்டது, என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

இரண்டாவது ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சிரித்தார். கட்டி எள்ளளவும் வளரவில்லையாம்.

“அப்ப காது ஏனுங்க இப்படி ஆச்சு?”

“கட்டி வளராமலே காது கொறையறது உண்டுங்க. போனது திரும்பாதுங்க.”

வீட்டுக்காரர் கட்டி வளராத சந்தோஷத்தில் மற்றதைக் கவனிக்கவில்லை. கிணத்துக்கடவு பஸ்ஸைப் பிடிக்க உக்கடத்தில் ரோட்டைக் கடந்தோம். பாதி தாண்டியிருப்போம், ஹாரன் அலறியது. எனக்குச் சத்தம் வலது பக்கம்தான் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பஸ் இடது பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் இழுத்த இழுப்பில் என் செருப்பு ஒன்று நடுரோட்டிலேயே நின்றுவிட்டது.

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. செருப்பை எடுத்துவந்து என் காலடியில் போட்டார்.

“இனிமே இந்தப் பக்கம் நான் வாரேன்.”

இடது பக்கம் மாறி, என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. வலது பக்கம் வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு இடது பக்கம் பஸ்கள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. பயமாக இருந்தது. சொல்லவில்லை.