மூன்றாவது முறை கூப்பிட்டால்

"…எழுதறது பாதி வேலைகூட இல்ல. எழுதினவன் இல்லாமப் போனாலும் அது ஓடணும். அடுத்து வர்றவன் தொறந்து பார்த்தா, இவன் ஏன் இப்படி எழுதினான்னு புரியணும். அதைக் கத்துக்கத்தான் நாலு வருஷம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என் சித்தி.

குரோம்பேட்டையில் ஒரு பொறியியல் கல்லூரி. சாஃப்ட்வேர் எழுதுவது என்றால் என்ன என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் வகுப்பு. எட்டு வயதான நான் கடைசி பெஞ்சில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தேன். என் பள்ளிக்கூடத்தில் மோட்டார் பழுது, தண்ணீர் இல்லை என்று லீவு விட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு மறைமலை நகரில் ஷிஃப்ட். வேறு வழியில்லாமல் சித்தி என்னைக் கூட்டி வந்திருந்தாள். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பது என்பார்களே, அந்தப் பூனை அன்று நான்தான்.

பேசியது போதும், ஒன்றைக் காட்டுகிறேன் என்று விளக்கை அணைக்கச் சொன்னாள். திரையில் நீல வெளிச்சத்தில் ஒரு பட்டியல். பழைய மாணவன் ஒருவன் கடைசி வருடத்தில் எழுதிய வருகைப் பதிவு புரோகிராம். கம்ப்யூட்டரே பெயர் கூப்பிடும். பதில் வந்தால் முன் வரிசைப் பையன் ஒரு பட்டனை அழுத்துவான். உடனே அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மெசேஜ் போய்விடும், இன்னார் இன்று வந்திருக்கிறார் என்று. பதில் இல்லாவிட்டால் மூன்று முறை கூப்பிடும். ஒரு நிமிஷம் காத்திருக்கும். அதன் பிறகு, வரவில்லை என்று தானே அனுப்பிவிடும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு அதற்கும் ஒரு பட்டன் உண்டு.

"ஏன் மேம் மூணு தடவை?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நல்ல கேள்வி. அவன் அதை எழுதி வைக்கல," என்று சித்தி பேச்சை மாற்றினாள்.

அந்தக் குரல் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. பெயர்களைத் துண்டு துண்டாக நறுக்கிச் சொன்னது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பதில் கொடுத்தார்கள். அறுபது பேர், அறுபது பெயர். முடிந்தது என்று ஒருவன் விளக்குப் போட எழுந்தான்.

"சா… மு… வேல்," என்றது குரல்.

"யார்ரா அது, எழுந்திரிடா மச்சான்," என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"சா… மு… வேல்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் அத்தை ஒரு கணக்கு சொல்வாள். பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது, அதற்கு மேல் அதற்கு மூச்சு கிடையாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் மனுஷன்தான், தைரியமாகக் குரல் கொடு என்பாள். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டது.

"பிரசென்ட் மிஸ்!" என்று கத்தினேன். பழகின கை, முன் வரிசைப் பையன் பட்டனை அழுத்திவிட்டான்.

விளக்கைப் போட்டாள் சித்தி. முகத்தில் ரத்தமே இல்லை. "அதை எழுதின பையனோட பேருதான். சரியா ஓடுதான்னு பார்க்க, தன் பேரையும் அம்மா நம்பரையும் போட்டு வெச்சிருந்திருக்கான். எல்லாரும் செய்றதுதான். எடுக்காம விட்டுட்டோம்," என்றாள். பிறகு வெளியே போய் யாருக்கோ போன் செய்தாள். எடுக்கவில்லை போலும். திரும்பி வந்து, சுத்தமாக இருந்த பலகையை இரண்டு தடவை துடைத்தாள்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். அட்டெண்டர் அண்ணா கதவைத் திறந்தார். "மேடம், ஒரு அம்மா வந்துகீறாங்க. பையன் இங்கதான் கீறான்றாங்க. நான் இன்னா சொல்றது?"

அவர் முடிப்பதற்குள் அந்த அம்மா உள்ளே வந்துவிட்டார். கழுத்தில் சிட்லபாக்கம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் டீச்சர் அட்டை. விரலெல்லாம் சாக்பீஸ் தூள். பெஞ்சு பெஞ்சாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்வை பட்டவர்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் அது என் மேல் வந்து நின்றது.

"தப்பு எங்களோடது மேடம்…" என்று சித்தி தொடங்கினாள்.

"தெரியும் மேடம். தண்டவாளத்துலேர்ந்து தூக்கிட்டு வந்து மண்ணு போட்டவ நான். தெரிஞ்சும் கால் நிக்கல. போன வருஷம் இதே மாதிரி, வரலைன்னு வந்தது. சரியாத்தானே சொல்லுதுன்னு இருந்துட்டேன். இன்னைக்கு வந்திருக்கான்னு சொல்லுதே."

போன வருடம் அறுபதாவது பெயரோடு மணி அடித்து எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள் என்று சித்தி பிறகு சொன்னாள். காலி அறையில் அது தனியாக மூன்று முறை கூப்பிட்டிருக்கிறது.

"யாரு பதில் சொன்னது?" என்று அந்த அம்மா கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். பதில் சொன்னவன் அவனுக்குப் பதிலாக அவர் வீட்டுக்குப் போக வேண்டும் போல என்று பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "மூணு தடவை கூப்பிட்டுச்சே ஆன்ட்டி," என்றேன்.

அவர் முகம் சட்டென்று இளகியது. "அவனும் காலையில மூணாவது குரலுக்குத்தான் எழுந்திரிப்பான். அப்பவும் உடனே வரமாட்டான், ஒரு நிமிஷம்மா ஒரு நிமிஷம்மான்னு படுத்திருப்பான்," என்றார். ஏன் மூணு தடவை என்று கேட்டிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வரலைன்னே மாத்திடுங்க மேடம். பொய்யை போன்ல வெச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்கறது? ஆனா என் எதிர்ல ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்க."

சித்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்த அம்மா உள்ளங்கையை விரித்து அதில் போனை வைத்துக்கொண்டு நின்றார். குரல் கூப்பிட்டது. மறுபடி கூப்பிட்டது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவதும் கூப்பிட்டு ஓய்ந்தது. தூரத்தில் மின்சார ரயில் ஒன்று கடந்து போனது.

காத்திருக்காமல் உடனே அனுப்பிவிடும் அந்தப் பட்டன் சித்தியின் விரலுக்குக் கீழேயே இருந்தது. பஸ் ஸ்டாப்பில்கூட ஒரு நிமிஷம் பொறுக்காதவள், வராதவனுக்காக எதற்கு இத்தனை பேரைக் காக்க வைக்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அவள் விரலை எடுத்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.