அரபா அக்காவின் முகப்புப் பக்கம்

செய்தி வந்தபோது காலை ஆறு பத்து. வியாழக்கிழமை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அரபா அக்காவின் தம்பி போனில் பேசினார். "குவேசி, அக்கா போயிட்டாங்க." மூன்று நாள் காய்ச்சல், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். ஏற்கெனவே தேய்த்த சட்டையையே திரும்பத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சடங்கில் கொடுக்கும் அஞ்சலிப் புத்தகத்தில் கம்பெனி சார்பாக எழுத என்னைச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரிப் புத்தகங்களில் எல்லோருமே பக்தி மிகுந்தவர்கள், கடின உழைப்பாளிகள். அக்காவும் இரண்டும்தான். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது நூற்று முப்பத்தேழு கேக்குகள். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், தப்பு என்னுடையது.

எங்களுடையது லாரி கம்பெனி. கோகோ, மாங்கனீசு, சிமென்ட் எல்லாம் இங்கே கானாவின் தக்கோராடித் துறைமுகத்துக்கு ஏற்றி இறக்குகிறோம். டிரைவர், பட்டறை ஆள், எடைமேடைக் குமாஸ்தா எல்லோருமாக நானூற்றுப் பன்னிரண்டு பேர். எங்கள் ஆட்கள் மட்டும் பார்க்க இணையத்தில் ஒரு போர்ட்டல் வேண்டும் என்று மேனேஜர் ஆக்கன் ரெடிமேடாக ஒன்று வாங்கினார். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒப்பந்த வேலையில் இருந்த அரபா அக்காவுக்கு வந்தது. நாலு வருடமாக ஒப்பந்தம், வருடத்துக்கு வருடம் புதுப்பித்துப் புதுப்பித்து.

ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பு, ஜனவரி இரண்டாம் தேதி காலை திறப்பு. வாங்கி வந்தபடியே விட்டிருந்தார்கள். சாம்பல் நிறம், மேலே கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் நாலு பேர் சிரித்துக்கொண்டே கைகுலுக்கும் படம், அதற்குக் கீழே மேனேஜரின் செய்தி, ஓரத்தில் பிறந்தநாள் பெட்டி. முந்தின நாள் லீவு என்பதால் அன்றைய பிறந்தநாள்களையும் சேர்த்துக் காட்டியது அது. பிறந்த தேதி தெரியாதவர்கள் எங்களிடம் நிறையப் பேர். ஆள் சேர்ப்புப் படிவத்தில் தேதிக் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. அதனால் பணியாளர் பிரிவுக் குமாஸ்தா, அதாவது நான், பல வருடமாக அத்தனை பேருக்கும் ஜனவரி ஒன்று என்று போட்டு வைத்திருந்தேன். நூற்று முப்பத்தேழு பேர். ஆளுக்கு ஒரு கேக் படம், ஒவ்வொரு கேக்கிலும் மெழுகுவத்தி ஆடிக்கொண்டிருக்கும். டார்க்வா டிப்போவில் பக்கம் திறக்க இருபத்தைந்து நிமிடம் ஆனதாம்.

அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். கையில் பாதி தின்ற கென்கி, எங்கள் ஊர்ப் புளித்த சோளமாவு உருண்டை; விரலில் மிளகாய் விழுது.

"குவேசி, நம்ம கம்பெனில பாதிப் பேரோட அம்மாவும் ஒரே நாள்லதான் பெத்தாங்களா?"

"அது வந்துக்கா…"

"ஆஸ்பத்திரி தாங்கியிருக்குமாடா?"

அன்று மாலை மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். மார்ச் கடைசி வெள்ளி வரை நேரம். அந்த வாரத்தில் பாதிப் பேர், இருநூற்றாறு பேர், தாங்களாகப் போர்ட்டலுக்குள் வந்திருந்தால் அக்காவுக்கு நிரந்தர வேலை. வராவிட்டால் போர்ட்டலும் கிடையாது, ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படாது. அப்போது அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. ஒப்பந்தச் சீட்டைக் காட்டினால் வீட்டுக்காரன் கூட ஆறு மாதத்துக்கு மேல் வாடகைக்கு விடமாட்டான்.

மறுநாள் அவர் செருப்பை மாற்றிக்கொண்டு லாரிகள் நிற்கும் மைதானத்துக்குப் போனார். நானும் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் போனேன். குவேக்கு பைடூ, எங்கள் டிரைவர்களில் மூத்தவர், வண்டி நிழலில் உட்கார்ந்து ஆரஞ்சு சப்பிக்கொண்டிருந்தார்.

"பைடூ அண்ணே, அந்தப் பக்கத்த தெறந்து பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. நாலு வெள்ளைக்காரன் கை குடுத்துக்கிட்டிருந்தான். எனக்கு ஒண்ணும் வேலை இல்லன்னு மூடிட்டேன்."

"உங்களுக்கு அதுல என்ன வேணும்?"

"துறைமுக வாசல்ல என் வண்டி எத்தனாவதுன்னு தெரியணும். சனிக்கிழமை யாரு வீட்டு இறுதிச் சடங்கு, உடுத்துறது கறுப்பா சிவப்பா, பஸ் எத்தன மணிக்குன்னு தெரியணும். மேனேஜர் முகம் வேண்டாம். அத மாசச் சம்பளத்தன்னிக்குப் பாக்குறதே போதும்."

அப்படியே செய்தார். மேனேஜர் செய்தி அடியில் ஒரு வரியாகச் சுருங்கியது. சாம்பல் போய் எங்கள் லாரிகளின் மஞ்சள் வந்தது. முதலில் வரிசை எண், அடுத்து சடங்கு விவரம். வெள்ளைக்காரர்கள் இருந்த இடத்தில் பைடூ தன் லாரி முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். மற்ற டிரைவர்கள் சண்டைக்கு வந்துவிட்டதால் படத்தை வாராவாரம் மாற்ற வேண்டியதாயிற்று.

பிறந்தநாள் பெட்டியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, சர்ச் அறுவடைத் திருவிழாவுக்கு மறுநாள், ஓடி வராத குறையாக வந்தார்.

"தேதிதானே தெரியாது? பொறந்த கிழமை தெரியாதவன் எவன் இருக்கான் நம்ம ஊர்ல? அத வச்சுத்தானே பேரே வைக்கிறோம்? நேத்து காணிக்கைல கிழமை கிழமையா எப்படி எந்திரிச்சுப் போனாங்க பாத்தியா? வசூல்ல செவ்வாய்க்கிழமைல பொறந்த நாங்க கடைசி. என்னால ராத்திரி சோறு எறங்கல."

புதன் முதல் பெட்டி மாறியது. தேதி இல்லை, கேக் இல்லை. அன்றைய கிழமையில் பிறந்தவர்களுக்கு அந்தக் கிழமைக்கென்று உள்ள பட்டப்பெயர் சொல்லி ஒரு வாழ்த்து. கீழே ஏழு கிழமைகளின் பட்டியல். அந்த வாரம் உள்ளே வந்தவர்களில் எந்தக் கிழமைக்காரர்கள் எத்தனை பங்கு என்று.

அதற்கப்புறம் கேண்டீனில் வேறு பேச்சில்லை. வெள்ளிக்கிழமை ஆட்கள் முன்னால் போனால் புதன்கிழமை ஆட்கள் டமாலே டிப்போவுக்குப் போன் போட்டு "டேய், தூங்குறியா? உள்ள வாடா" என்று திட்டினார்கள். ஒரு நாள் மேனேஜர் அக்காவை அழைத்தார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனோம். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மிஸ் எசில்ஃபி, சனிக்கிழமைல பொறந்தவங்க மூணாவது இடத்துல இருக்கோம். கணக்கு சரிதானா?"

"சார், நீங்க இந்த வாரம் உள்ள வந்தீங்களா?"

"…இல்ல."

"அதான் சார்."

மார்ச் கடைசி வெள்ளி. மதியம் மூன்றரைக்கு எண்ணிக்கை நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஐந்து மணியோடு முடிவு. அக்கா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கென்கி பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்களான நாங்கள்தான் அந்த வாரம் கடைசி.

அப்போது பட்டறைத் தலைவர் டான்லாடி உள்ளே வந்தார். கையெல்லாம் கிரீஸ். அக்கா பட்டறை ஆட்களில் பத்தொன்பது பேரை 'கிழமை தெரியாதவர்கள்' என்று தனியே போட்டிருந்தார். வடக்கத்தி முஸ்லிம்கள், எங்களைப் போல் கிழமைப் பெயர் இருக்காது என்று அவரே நினைத்துக்கொண்டார். ஒருவரையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"மேடம், உங்க சர்ச்சுலதான் கிழமை இருக்கா? எங்களுக்கெல்லாம் வாரத்துல கிழமையே கெடையாதா?"

"என்ன சொல்றீங்க, அண்ணே?"

"எங்க ஹவுஸா பாஷைல என் பேருக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? ஞாயித்துக்கிழமை பொறந்தவன். சமையல்கட்டு ஜும்மாய் வெள்ளி. அங்க டயர் மாட்டுறான் பாருங்க, அவன் திங்கள். எங்கள ஒதுக்கி வச்சீங்க, நாங்க எதுக்கு உள்ள வரணும்?"

அக்கா எழுந்து நின்றார். "தப்பு என்னோடது அண்ணே. உங்க ஆளுங்ககிட்ட நானே வந்து சொல்றேன்" என்றார். சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு கிரீஸ் தரையில் நடந்தார். ஒவ்வொருவரிடமும் கிழமை கேட்டார், மன்னிப்பும் கேட்டார். பட்டறைக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல போன். அது கைக்குக் கை மாற, ஒவ்வொருவராகத் தங்கள் பணி எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். என் கிழமைக்காரர்கள் ஆறு பேர் அதில்! நாலே முக்காலுக்கு எண்ணிக்கை இருநூற்றுப் பதினேழு. ஞாயிறு கடைசியிலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறியது. நான் மேசை மேல் ஏறி ஆடினேன் என்று சொல்கிறார்கள். இல்லை, நாற்காலி மேல்தான்.

ஜூனில் நிரந்தர வேலைக் கடிதம் வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, "இனிமே எனக்கு ஒரு வருஷ வாடகைக்கு வீடு குடுப்பான்ல?" என்று கேட்டார். கிடைத்தது. ஒன்றரை வருடம் அந்த வீட்டில் இருந்தார்.

டான்லாடி அதோடு விடவில்லை. "கிழமை வந்துருச்சு மேடம், எங்க பாஷை எப்ப வரும்?" என்று போகும்போதும் வரும்போதும் நச்சரித்தார். பட்டறைப் பக்கத்தை ஹவுஸாவில் கொண்டுவர அக்கா ஒப்புக்கொண்டார். டான்லாடி ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அக்கா எழுதி, திரும்பப் படித்துக் காட்டுவார். அக்காவின் உச்சரிப்பைக் கேட்டு பட்டறையே சிரிக்கும். போன திங்கட்கிழமை மாலை வரை செய்தார்கள்.

மொத்தம் பதினாலு தலைப்புகள். ஒன்பது முடிந்திருக்கின்றன. பத்தாவதான 'டயர் மாற்றக் கோரிக்கை' இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது.