கதவுக்கு வெளியே கேட்ட ஒப்பரா: லா சப்பல், பாரிஸ்

ஒரு படத்தின் இசைக்காக நாடு விட்டு நாடு போனேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஈரோட்டுக்காரியான நான் அலுவலக வேலையாக இரண்டு மாதம் ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்தேன். துணி தேய்க்கும்போதெல்லாம் ஒரே படத்தின் இசைதான் காதில் ஓடும். ஒப்பராப் பாடகியின் குரலும் ரோமா மக்களின் வயலினும் கலந்த இசை அது. (நாம் ஜிப்சி என்போமே, அவர்கள்தான், அந்தப் பெயர் அவர்களில் பலருக்குப் பிடிக்காது.) அந்தப் படத்தைத் திரையில் ஓட்டி, இசையை நேரிலேயே வாசிக்கப்போகிறார்கள், பாரிஸில், அக்டோபர் ஞாயிறுகளில் மதியம் மூன்று மணிக்கு என்று தெரிந்ததும் 22 யூரோவுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன்.

காலை ரயிலில் மூன்றரை மணி நேரம். கார் து நோர் நிலையத்தில் 12.20க்கு இறங்கினேன். அங்கிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் எட்டு நிமிட நடைதான்; மெட்ரோவுக்கு 2.50 யூரோ கொடுக்க வேண்டாம். ஒன்பது யூரோவுக்கு மீன் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். காரம் உச்சந்தலையைத் தொட்டது.

பக்கத்து மளிகைக் கடையில் முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் அரங்குக்கு வழி கேட்டேன். கடை அவருடையது. யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் தவம்.

"நானும் அங்கைதான் வாறன் தங்கச்சி. என்ர மகள் மதுராதான் அதிலை பாடுறா," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இசையை மேடையில் பாடப்போவது இந்த வீட்டுப் பெண்ணா?

"நாலு வருசமா மேடையில பாடுறா. நான் ஒருநாளும் போகேல்லை. ஞாயிறிலதானே எங்களுக்கு வியாபாரம். இண்டைக்கும் வராட்டி இனிக் கூப்பிடமாட்டன் எண்டிட்டா."

சேர்ந்தே போகலாம் என்று காத்திருந்தேன். ஆனால் மனிதர் அசையவில்லை. வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

"அண்ணா, ரெண்டே முக்கால் ஆச்சுங்க," என்றேன்.

"மூண்டு எண்டு போட்டா மூண்டரைக்குத்தான் தொடங்கும். மங்கள விளக்கேத்தி, வரவேற்புரை முடிய வேண்டாமே?"

நானும் தலையாட்டினேன். நம் விழாக்களில் வளர்ந்தவளுக்கு இதில் என்ன சந்தேகம் வரும்?

அரங்கு ஆறு நிமிட நடை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 3.12. கதவு சாத்தியிருந்தது. வாசலில் நின்ற பெண்மணி "ரெதார்" என்று இரண்டு முறை சொன்னார். தாமதம் என்று அர்த்தமாம். தொடங்கிவிட்டால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள், பாடகியின் அப்பாவாகவே இருந்தாலும்.

முன்கூடத்து மர பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவின் வழியே முணுமுணுப்பாகத்தான் இசை கேட்டது. தவம் அண்ணை சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார். தலையாட்டிய என் மீதே எனக்கு எரிச்சலாக வந்தது.

4.40 இருக்கும். அந்தப் பெண்மணி எங்களைச் சுவரோரமாக நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார். மாடிப்படியில் ஐந்து பேர் இறங்கி வந்தார்கள். இரண்டு வயலின், ஒரு கிளாரினெட், ஒரு அக்கார்டியன். முன்னால் கறுப்புடையில் ஒரு இளம்பெண். படத்தின் கடைசிக் காட்சியில் குரல் தூரத்திலிருந்து நெருங்கி வரவேண்டும். அதற்காக வெளியே பாட ஆரம்பித்து, பாடிக்கொண்டே உள்ளே போகிறார்கள். எங்களுக்கு இது தெரியவே தெரியாது.

மதுரா அப்பாவைக் கண்டாள். கண்கள் ஒரு கணம் விரிந்தன. பிறகு அவருக்கு இரண்டு கை தூரத்தில் நின்று வாய் திறந்தாள்.

மைக் கிடையாது. ஒரு மனித உடம்பிலிருந்து அத்தனை பெரிய ஓசை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. சாய்ந்திருந்த சுவர் என் முதுகில் அதிர்ந்தது. ஒப்பரா மேலே மேலே ஏற, ரோமா வயலின்கள் அதை விடாமல் துரத்தி, கொஞ்சி, அழவைத்து, மறுபடி ஆடவைத்தன. நரைமீசை வயலின்காரர் தவம் அண்ணையின் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, அவர் பக்கமாகவே திரும்பி நின்று வாசித்தார். எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. கதவு திறந்தது, அவர்கள் உள்ளே போனார்கள், கதவு மூடியது.

ஐந்து மணிக்கு மதுரா வெளியே வந்து பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். எனக்குப் புரிந்தது "ரெதார்" மட்டும்தான்.

"ஓம் பிள்ளை, பிழைதான்," என்றார் அவர். "ஆனா உள்ளுக்கு இருந்த ஆக்களுக்கு நீ தூரத்திலயெல்லோ பாடினனி. எனக்குப் பக்கத்தில பாடினனி."

அவள் இந்த முறை தமிழில், "அடுத்த ஞாயிறு வெள்ளன வாங்கோ அப்பா," என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: இரண்டரைக்கே அங்கே இருங்கள். நடு வரிசை நல்லது என்கிறார்கள், எனக்குத் தெரியாது. திங்கள் காலை ரயிலுக்கு வடை வாங்க அதே கடைக்குப் போனேன். கதவில் கையால் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. ஆகவே இந்த ஞாயிறு லா சப்பலில் முருங்கைக்காய் வேண்டுமென்றால் ஒரு மணிக்குள் வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு தவம் அண்ணையின் கடை பூட்டியிருக்கும்.