அப்பா வெள்ளையடிக்காமல் விட்ட சுவர்

இன்று ஆரியசாலைக் கடைவீதியில் அரிசி வாங்கப் போனேன். கடையைப் புதுப்பிக்கிறார்கள். பக்கச் சுவரை மறைத்திருந்த தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள்.

கடைக்காரர் முருகன் என்னைப் பார்த்ததும், "அக்கா, ஒரு காரியம் காட்டித் தர்றேன், வாங்க" என்று கூப்பிட்டார்.

சுவரில் நீலத்தில் ஒரு குடை. அதன் கீழே தமிழிலும் மலையாளத்திலும் அப்பாவின் பெயர்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலுமாக அப்பா மூன்று முறை சுயேச்சையாக நாடாளுமன்றத்துக்கு நின்றார். மூன்று முறையும் தோல்வி. இரண்டாவது முறை கிடைத்த சின்னம்தான் குடை.

ஒவ்வொரு முறையும் முடிவு வந்த மறுநாளே சுண்ணாம்பு வாளியோடு கிளம்பிவிடுவார். இரவல் வாங்கிய சுவரைச் சுத்தமாகத் திருப்பித் தர வேண்டுமாம். ஜெயித்தவர் மாலையோடு ஜீப்பில் போகும் அதே வீதியில் அப்பா வெள்ளையடித்துக்கொண்டு நிற்பார். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தலை நிமிராது.

"இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?" என்று கேட்டேன்.

"எங்கப்பா சம்மதிக்கலை அக்கா. 'தோத்தா என்ன சாரே, நான் ஓட்டுப் போட்ட குடை, அது அங்க கிடக்கட்டும்'னு சொல்லி, வாளியைப் பிடுங்கி வச்சுக்கிட்டாராம். அந்த வாளி இப்பவும் வீட்டுல உண்டு, கேட்டோ. நாளைக்குப் பெயிண்டர் வர்றான். குடையை விட்டுட்டு அடிக்கச் சொல்லியிருக்கேன்."

அரிசி வாங்க மறந்துவிட்டேன். ஆனால் கடைவீதி முழுக்கத் தலை நிமிர்ந்துதான் நடந்து வந்தேன்.

மூன்று தேர்தலில் அப்பா ஜெயித்த ஒரே இடம் அந்தச் சுவர். வேறு எந்தச் சுவரிலாவது அவர் ஜெயித்திருந்தால் சொல்லுங்கள். வாளி இல்லாமல் வருகிறேன்.