கோமதியக்கா கணக்கில் சேர்க்காத நாள்

“கோமதி சேச்சி போயி” என்று போன வியாழக்கிழமை காலை நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அவர் இறந்த செய்தி மலையாளத்தில் வந்தபோது, நான் தம்பானூரில் பேருந்தைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். உங்கள் எல்லோருக்கும் அவர் சேச்சி. அவரைப்போலவே திருநெல்வேலியிலிருந்து வந்த எனக்கு மட்டும் அக்கா. அரசின் மாணவர் தொண்டுத் திட்டத்தில் எந்தப் பதிவேடும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும்.

ஒருமுறை அவர்மேல் எனக்குக் கடும் கோபம் வந்தது. ஒரு விழாவுக்கு என் பொறுப்பிலிருந்த மாணவிகளை, விருந்தினரை வரவேற்க விளக்கும் பூவும் வைத்த தாலப்பொலித் தட்டுடன் வாசலில் வரிசையாக நிறுத்தி, அதைச் சேவை நாள் என்று எழுதியிருந்தேன். அக்கா அந்த வரியின்மேல் கோடு போட்டுவிட்டார்.

“விதியப் படிச்சியாட்டீ? தொண்டு செய்ய வந்த பிள்ளைகள அலங்காரத்துக்கு நிறுத்தக் கூடாதுன்னு இருக்கு, கேட்டியா?”

“ஒரு நாள்தானேக்கா! செல்விக்குச் சேவை மணிக்கணக்கு குறையும். சான்றிதழ் இல்லேன்னா காலேஜ் சீட்டு போயிரும்.”

“தட்டு ஏந்தச் சொன்னது நீ. அவளா கேட்டா?” பிறகு குரல் தணிந்தது. “ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வா. நானும் வாறேன்.”

செல்வி, கட்டட வேலைக்கு இங்கே வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். பள்ளியில் படித்தது மலையாளம். அந்த ஞாயிறு ஒரு மண்டபத்தில், மலையாளம் வாசிக்கத் தெரியாத தொழிலாளர்களுக்கு அவளும் தோழிகளும் நலவாரிய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். மூட்டுவலியோடு அக்கா மாலைவரை பக்கத்திலேயே இருந்தார். ஒரு கொத்தனார் எட்டிப் பார்த்தார்.

“எம் பேரு மலையாளத்துல இம்புட்டு வளையுமா தாயி?”

“எழுத்துதான் வளையுது. நீரு நேரா இரும், போதும்” என்றார் அக்கா. செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

சான்றிதழ் கிடைத்தது, சீட்டும் கிடைத்தது. அந்த ஞாயிறு மாலை திரும்பும்போது ஆட்டோவில் அக்கா சொன்னார்: “இந்தப் பிள்ளைகள் வரலேன்னா யாருக்கு என்ன குறையும்? அதக் கேட்டுட்டு அப்புறம் எழுது.”

போன வியாழக்கிழமை கிழக்கேகோட்டையில் அவருடைய துக்க வீட்டுக்கு நம் மாணவர்கள் தாமாகவே வந்தார்கள். நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். பழக்கத்தில், அவர்கள் செய்த வேலையைக் கணக்கில் எழுத நான் பதிவேட்டை வெளியே எடுத்தேன்.

“இது வேண்டா மேடம். சேச்சி கண்டா கோடு போடும்” என்றாள் ஒரு மாணவி.

மூடி வைத்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். அடுத்த விழாவுக்குத் தட்டு ஏந்த மாணவிகளைக் கேட்டு வந்த கடிதம் என் மேசையில் கிடக்கிறது. இன்று பதில் எழுதுகிறேன், அக்கா. பிள்ளைகள் வரமாட்டார்கள்.