சாவிக்காரரின் இடது கை

சாவிக்காரர் முதல் நாளிலிருந்தே என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார். நான் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி உதவியாளர் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஊசி வச்சிருக்கீங்க, வெள்ளைக் கோட்டு போட்டிருக்கீங்க. அப்புறம் என்ன?"

அந்த ஊசியின் முனை மழுங்கியிருக்கும். மூளையின் மின்சாரத்தை அளக்கத் தலையில் மாட்டும் தொப்பியின் துளைகள் வழியே ஜெல் விடுவதற்குத்தான் அது. அந்த மின்சாரம் மிக மெலிது. ஜெல் இல்லாவிட்டால் தலைமுடியைத் தாண்டி வந்து சேராது. வீட்டில் இதை விளக்கியபோது அப்பா பொறுமையாகக் கேட்டார். "தலையில ஜெல்லு தடவி, அப்புறம் நீயே கழுவியும் விடறியா? இதுக்கு எதுக்கும்மா அவ்வளவு படிப்பு? சலூன்லயே சேர்ந்திருக்கலாமே." எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அவர் கேலியாகத்தான் சொன்னார். இருந்தும் ஒருவருடைய தலையைக் கழுவிவிடும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து நிற்கும். நான் செய்வது இந்த ஆளுக்கு உதவுமா, அல்லது ஒரு கட்டுரையின் மூலையில் வரைபடமாக முடிந்துபோகுமா?

சாவிக்காரரின் கதை, ஜெல் விடும் நேரத்தில் துண்டு துண்டாக எனக்குத் தெரிந்ததுதான். அவர் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருக்கிறது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். இடது கையில் பூட்டு, வலது கையில் அரம், பல்லிடுக்கில் சாவி என்று முப்பது வருடம் அங்கே உட்கார்ந்திருக்கிறார். சாவியைக் கடித்தபடியே வாடிக்கையாளர்களோடு சண்டையும் போடுவாராம். "நான் திட்டுறது பாதிப் பேருக்குப் புரியாது. அதனாலதான் வியாபாரம் ஓடுச்சு."

சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் கூப்பிட்டால் போவார். ஆனால் பூட்டைத் தொடுமுன் ஒரு கேள்வி உண்டு: கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது என்ன? திருதிருவென்று விழித்தால் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார். ஒருவர் மட்டும் யோசிக்காமல் "என் பொண்டாட்டி" என்றாராம்.

"சொந்த வீட்டுக்காரன்தான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு டாக்டரம்மா. அந்தப் பயத்தை நடிக்க முடியாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தோளில் ஒரு இடி இடித்தார். "தொப்பி ஆடுது, அடிக்காதீங்க அம்மா" என்று நான்தான் விலக்கிவிட வேண்டியிருந்தது.

ஒரு காலை பூட்டு கையிலிருந்து நழுவியது. எடுக்கப் பார்த்தார், கை வரவில்லை. பக்கவாதம். பேச்சும் நடையும் மெல்லத் திரும்பின. இடது கை மட்டும் இறுகிய முஷ்டியாகவே நின்றுவிட்டது. பிடிக்கத் தெரிந்த கைக்கு விடத் தெரியவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் அவர் செய்ய வேண்டியது இதுதான்: கையைத் திறக்க வேண்டும் என்று முயல வேண்டும். அந்த முயற்சி மூளையில் எழுப்பும் மாற்றத்தைக் கணினி பிடித்தால், முஷ்டிமேல் மாட்டிய மோட்டார் கையுறை விரல்களை விரிக்கும். நினைப்பும் அசைவும் சேர்ந்தே நடந்துவந்தால், ஒரு நாள் கையுறை இல்லாமலும் மூளை கையைத் திறக்கப் பழகலாம். 'லாம்' என்பதைத் தாண்டி எங்களுக்கும் தெரியாது.

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் திறந்தது. அதன்பின் கேட்டபோதெல்லாம் திறந்தது. ஆய்வை நடத்தும் பேராசிரியர் பக்கத்து அறைக்காரர்களை அழைத்துவந்து காட்டினார். சாவிக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடையைக் கேட்டு ஒருத்தர் நடையா நடக்கறார் பாப்பா. இனிமே வேண்டாம்னு சொல்லிடறேன்."

மறுவாரம் இடைவேளையில் தொப்பியையும் கையுறையையும் கழற்றாமலே விட்டிருந்தேன். மனைவி ஒரு பிஸ்கட்டை அவருடைய வலது கையில் கொடுத்தார். கடித்தார். இடது கை விரிந்தது. மென்றார். மூடிய கை மறுபடி விரிந்தது.

"பாரு பாப்பா, ஒண்ணு வாயில இருக்கும்போதே இன்னொண்ணுக்குக் கையேந்தறாரு!"

மூவரும் சிரித்தோம். சிரித்தபடியே திரையைப் பார்த்தேன். தொப்பியில் காதருகே இருந்த எலெக்ட்ரோடுகளின் கோடுகள் ஒவ்வொரு கடிக்கும் குழந்தை கிறுக்கியதுபோலத் தடித்தன.

தாடைத் தசையின் மின்சாரம் மூளையினுடையதைவிடப் பல மடங்கு பெரிது. பயிற்சியின்போது கையை நினைத்தபோதெல்லாம் அவர் பல்லைக் கடித்திருக்கிறார். முப்பது வருடம் சாவி இருந்த இடத்தில் இப்போது வெறும் பல். கணினி அதையே அவருடைய முயற்சி என்று கற்றுக்கொண்டது.

"ஐயா, கையை மறந்துடுங்க. சும்மா பல்லை மட்டும் கடிங்க."

விரிந்தது.

"இப்ப வாயைத் தொங்கவிட்டுட்டு கையைத் திறக்கப் பாருங்க."

நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கையுறை அசையவில்லை.

பேராசிரியரைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் மனைவி, கடைக்குப் புது விளக்கு மாட்டச் சொல்லியிருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். இத்தனை நாள் கையைத் திறந்தது பல்தான், மூளை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சாவிக்காரர் கையுறை மாட்டிய முஷ்டியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பல்லால திறந்தா என்ன? திறக்குதா இல்லையா?" என்றார்.

"கையுறை இங்கேயே இருக்கும் ஐயா. நீங்க வீட்டுக்குக் கொண்டுபோகப்போறது உங்க கை கத்துக்கிட்டதை மட்டும்தான். பல்லைக் கடிச்சா அது ஒண்ணும் கத்துக்காது."

"அப்ப பல்லால ஓடற கையுறை ஒண்ணு செஞ்சு குடுத்துடுங்களேன்."

அது முடியாத காரியம் இல்லை. நாங்கள் அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை பேராசிரியர் திரையை வெகுநேரம் பார்த்தார். இதுவரை எடுத்த பதிவெல்லாம் வீண், சாவிக்காரர் சம்மதித்தால் முதலிலிருந்து தொடங்கலாம், பலன் சொல்வதற்கில்லை என்றார். அதை அப்படியே போனில் அவரிடம் சொன்னேன். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, நான் சொல்லுமுன்பே வாயைப் பிளந்தார்.

"ஈ பூந்துடப் போகுது" என்றார் மனைவி. சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். "கடை கேட்டீங்களே, இன்னும் வேணுமா? ... ஆமா. அவரு இப்போதைக்கு வரமாட்டாரு. ... சாமானெல்லாம் எடுத்துடறோம்."

சாவிக்காரர் மறித்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். குறைந்தது பல்லையாவது நறநறவென்று கடிப்பார் என்று. கண் மட்டும் ஜன்னல் பக்கம் போய் வந்தது. தாடை தொங்கியபடியே இருந்தது. திரையில் காதருகே ஓடிய கோடுகள் மெலிந்தே ஓடின.

கையுறை திறக்கவில்லை.

"மறுபடி பார்க்கலாமா ஐயா?"

வாயை மூடாமலே சரியென்று தலையை அசைத்தார்.