இரண்டு மணிச் சங்கு

எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற வாத்தியக்காரனுக்குச் சம்பளம் கிடைக்கும்; எழுதாததை வாசிக்க ஆசைப்படுகிறவனுக்கு அக்கம்பக்கத்தாரின் பொறுமை கிடைக்கும், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு ஊதிப் பழகும் சகபாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கப்பல்களில் பாதி ஆயுளை நோட்டைப் பார்த்து சாக்ஸபோன் வாசித்தே கழித்துவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது நெய்வேலிக்குத் திரும்பினேன். குவார்ட்டர்ஸ் வீடு, சுரங்க நிறுவனப் பள்ளியில் ஆசிரியையான என் மனைவியின் பெயரில் வந்தது. கல்யாண வரவேற்புகளுக்கு வாசிக்கும் ஒரு குழுவில் சேர்ந்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஜாஸ் வேண்டும் என்றார்கள். ஜாஸில் மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு தாளத்தை விடாமல் அப்போது தோன்றுவதை வாசிக்க வேண்டும். எனக்கு அப்போதென்று பார்த்து எதுவும் தோன்றாது.

நீள சுரம்

மூச்சு நிற்பதற்காக ஒரே கீழ்ச் சுரத்தை நீளமாக இழுத்துப் பழகுவேன். பக்கத்து வீட்டுச் செல்வராஜ் சுரங்கத்தில் ஆபரேட்டர். அன்றைக்கு அவருக்கு மதிய ஷிப்ட். சமையல் ஆகும்வரை கண்ணயர்ந்திருந்தவர், என் சுரத்தைக் கேட்டதும் ஷிப்ட் தொடங்குகிற இரண்டு மணிச் சங்கே ஊதிவிட்டது என்று நினைத்து எழுந்திருக்கிறார். சாப்பிடாமல், ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு வண்டியை விரட்டியிருக்கிறார். மணி பன்னிரண்டுதான் என்று சொல்லி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்தவர் சண்டை போடவில்லை. வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர், நீங்க என்ன வேணா ஊதுங்க. எனக்குச் சங்கு மட்டும் ஊதிடாதீங்க."

முந்திரித் தோப்பு

அன்றிலிருந்து அந்தச் சுரம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மனைவி சட்டம் போட்டாள். வடக்குத்துப் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்குப் போனேன். யாரும் இல்லை என்ற தைரியத்தில் நினைத்ததையெல்லாம் ஊதினேன். தடுமாறினேன், நிறுத்தினேன், மறுபடி ஊதினேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். சுமாராக வந்தது என்று எனக்கே ஒரு சந்தோஷம்.

மரத்துக்குப் பின்னால், முந்திரி பொறுக்க வந்த ஒரு அம்மா தூக்குவாளியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்: "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்? கேட்டுகினே சோறு சாப்பிடலாம்னு உக்காந்துகினு இருக்கேன்."

மனப்பாடம்

கடைசியில் ஒரு குறுக்கு வழி பிடித்தேன். அந்த நேரத்தில் தோன்றவேண்டியதை வீட்டிலேயே எழுதி, உருப்போட்டுக்கொண்டு போய், ஒத்திகையில் கண்ணை மூடி வாசித்தேன். முதல் வாரம் எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் கண்ணை மூடிய இடம்கூட மாறவில்லை.

குழுவை நடத்தும் ஜோசப் கீபோர்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தில் பார்ப்பேன், அங்கேயும் இதையே வாசித்தால் வேறு ஏற்பாடுதான் என்றார். என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "என் கீபோர்டுலயே சாக்ஸபோன் பட்டன் இருக்கு சார். அதுக்குப் பந்தியில இலை போடவேண்டியதில்ல."

ஞாயிற்றுக்கிழமை

கோயிலில் கல்யாணம் முடிந்து, நகரியத்திலேயே ஒரு மண்டபத்தில் மதிய விருந்து. உருப்போட்டதை வாசிக்கக்கூடாது, வேறு எதுவும் கைவசம் இல்லை. மெட்டு முடிந்தது. ஜோசப் என்னைப் பார்த்தார். என் விரல்கள் அப்படியே நின்றன. டிரம்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜோசப்பின் கை அந்தப் பட்டன் பக்கம் நகர்ந்ததைப் பார்த்தேன்.

அப்போது சுரங்கத்துப் பக்கமிருந்து இரண்டு மணிச் சங்கு ஊதியது. வீட்டில் எனக்குத் தடை போட்ட அதே சுரம். யோசிக்காமல் அதையே பிடித்தேன். சங்கு நின்ற பிறகும் நான் நிறுத்தவில்லை. அங்கிருந்து மெல்ல இறங்கினேன், ஏறினேன், டிரம்ஸ்காரரோடு கொஞ்சம் வம்பிழுத்துவிட்டு மெட்டுக்குத் திரும்பினேன். என்ன வாசித்தேன் என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது. ஜோசப்பின் கை பட்டனிலிருந்து விலகியிருந்தது.

விருந்துக்கு வந்திருந்த செல்வராஜ், பாயசக் கையைக் கழுவிவிட்டு நேரே என்னிடம் வந்தார். "சங்கு நின்னுதா இல்லையான்னே தெரியல மாஸ்டர். பாதி இலையில எழுந்துட்டேன். இன்னிக்கு லீவுன்னு வூட்டுக்காரிதான் இழுத்து உக்கார வச்சா."

சொந்தக் கற்பனையில் வாசிக்க இத்தனை காலம் பாடுபட்ட எனக்கு, அதன் முதல் சுரத்தை எடுத்துக் கொடுத்தது என்னவோ ஷிப்ட் மாற்றுகிற சங்குதான்.